ரொறொன்ரோவிலிருந்து: அப்பாவின் ஹொண்டா நைன்ட்டி பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். அப்பா, அம்மா, நீ எல்லோரும் அங்கே சுகமாக இருக்கக் கோணேசர் துணை.

அப்பாவின் ஹொண்டா நைன்ட்டி மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே எப்படிப் பராமரிப்பது என்று நீ கேட்டதையெல்லாம் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதுதான் கடிதம். இதை மடித்து அலுமாரிக்குள் வைக்காதே. நைன்ட்டி நிற்கிற தாழ்வாரத்தில் தொங்கவிடு. ஒயில் பட்டால் படட்டும்.

இங்கே மோட்டார் சைக்கிளுக்கு வருஷத்தில் பாதி நித்திரை. நவம்பர் பிறந்ததும் படுக்கப் போட்டால் சித்திரை வருஷம் பிறக்கிற நேரத்தில்தான் எழுப்புவார்கள். பெற்றோல் தாங்கியை வாய்வரை நிரப்பி, பெற்றோல் கெடாத மருந்தை அளந்து ஊற்றி, அது பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றருக்கும் போய்ச்சேரப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள், சார்ஜ் இறங்கிய பற்றரி வெளியே கிடந்தால் குளிரில் உறைந்து வெடிக்கும். றோட்டில் பனி இறுகாமலிருக்க லொறி லொறியாக உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்பில்தான் கார்களின் அடிப்பாகம் கறள் பிடித்து உதிர்கிறது. நமக்குக் கடல் சும்மா தருகிற வியாதியை இவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

லைசென்ஸும் வேறு மாதிரி. எழுத்துப் பரீட்சை பாஸானால் எம்1 என்று ஒன்று தருவார்கள், 90 நாள்தான் செல்லும். அதோடு இருட்டில் ஓடக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. அம்மாவும் மீன் பையும் கீரைக்கட்டுமாக உப்புவெளியிலிருந்து நாம் வந்த வரவை இவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கராச்சில் ஒரு மணித்தியாலக் கூலி நூறு டொலருக்கு மேல். அதனால் வேலை தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரும் கைநூலை விரித்துவைத்துத் தானே கழற்றுகிறான். இந்தப் பழக்கத்தை நீயும் பிடித்துக்கொள்.

நைன்ட்டியை விற்கிற கதையை விடு. 1958இல் ஹொண்டா தொடங்கிய, நைன்ட்டியும் சேர்ந்த ‘கப்’ என்ற வண்டி வரிசை 2017இல் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டிவிட்டது. அவ்வளவு எண்ணிக்கையில் செய்த வண்டிக்குச் சாமான் கிடைக்காமல் போகாது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில், திருகோணமலைச் சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு நம் ஊர்ச்சனம் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றது. அப்போது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அதிலும் சமாளித்தது இந்த வகை வண்டிதான்.

முதலில் ஒயில். இந்த எஞ்சினில் காகித ஃபில்டர் கிடையாது. வலப்பக்க மூடிக்குள் ஒரு கம்பிவலையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்குகிற ஒரு கிண்ணமும்தான் உண்டு. ஆகவே ஒயிலை மாற்றுவது ஒன்றே மருந்து. 1500 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்று, அதற்குமேல் இழுக்காதே. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சூடாயிருக்கும்போதே அடியிலுள்ள 17 மில்லிமீற்றர் போல்ற்றைக் கழற்று. வடிந்து முடியக் கால் மணித்தியாலம் விடு. வாஷரைப் புதிதாய்ப் போட்டு, கையால் நூல் பிடிக்கவைத்த பிறகு ஸ்பானரால் இறுக்கு. அலுமினிய எஞ்சின், பலம் காட்டினால் நூல் உரிந்து கையோடு வரும். முதலில் 700 மில்லிலீற்றர் ஊற்றி, பெரிய ஸ்ராண்டில் நேராக நிறுத்திவிட்டு அளவுக்கம்பியால் பார். கம்பியைத் திருகக்கூடாது, சும்மா வைத்து எடுக்கவேண்டும். திருகிப் பார்க்கிறவர்கள்தான் ஒயில் போதும் என்று நினைத்துக் குறைவாக ஓடுகிறார்கள். கார் ஒயில் மலிவு என்று வாங்காதே. கிளச் ஒயிலுக்குள் நனைந்துதான் வேலை செய்கிறது; கார் ஒயில்கள் சிலவற்றில் கலந்திருக்கிற வழுக்கல் மருந்து கிளச்சையும் வழுக்கவைக்கும். போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற முத்திரை இருக்கிறதா என்று பார். பழைய ஒயிலை வேலியோரம் ஊற்றாதே. நம்முடையது மணல் நிலம், கிணற்றுக்குப் போக நாளாகாது.

அடுத்தது டப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கிற ரொக்கர் என்ற நெம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி. நம்மவர்கள் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் பயந்து இறுக்குவார்கள். அங்கேதான் பிழை. இடைவெளி கூடினால் சத்தம் வரும், கொஞ்சம் இழுவை குறையும், அவ்வளவுதான். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆனால் எஞ்சின் சூடானதும் புகை போகிற வால்வு முழுதாக மூடாது. நெருப்பு அந்த வழியால் கசிந்து வால்வின் விளிம்பை எரித்துவிடும். காலையில் ஒரே உதையில் எடுக்கிற வண்டி, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்து உதைத்தால் எடுக்கவில்லையா? முதலில் இதைத்தான் பார்.

அளவு 0.05 மில்லிமீற்றர், இரண்டு வால்வுக்கும் ஒன்றே. ஒரு தலைமயிர்த் தடிப்பு என்று வை. எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், இரவு நின்ற வண்டியை விடிய எடுத்துச் செய்வது நல்லது. பிளக்கைக் கழற்று, அப்போதுதான் கையால் சுற்ற லேசாயிருக்கும். சிலிண்டர் ஹெட்டில் மேலும் கீழுமாய் இருக்கிற இரண்டு 17 மூடிகளையும் கழற்று. கியர் மிதியை எடுக்குமுன் அது நின்ற இடத்தில் கோடு கீறிவை, பிறகு இடப்பக்க மூடியைத் திற. ஃபிளைவீலை வண்டி ஓடும் திசையிலேயே, அதாவது இடப்பக்கமிருந்து பார்க்க மணிக்கூட்டுக்கு எதிராக, சுற்றி ‘T’ எழுத்துக் கோட்டை எஞ்சினிலுள்ள கோட்டோடு சேர். அந்த இடத்தில் இரண்டு ரொக்கரையும் விரலால் ஆட்டினால் கடுகளவு ஆடவேண்டும். ஒன்று இறுகி நின்றால் தவறான சுற்றில் நிற்கிறாய், இன்னுமொரு முழுச் சுற்றுச் சுற்று. இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளின் கட்டான ஃபீலர் கேஜின் 0.05 தகட்டை உள்ளே விட்டு இழு. வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல மெல்லிய பிடிப்போடு வரவேண்டும். வராவிட்டால் ரொக்கர் நுனியிலுள்ள நட்டைத் தளர்த்தி, நடுவிலுள்ள ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய். நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடத் திரும்பும். ஆகவே ஸ்குரூவின் தலையைப் பிடித்துக்கொண்டே இறுக்கு, இறுக்கிய பின் தகட்டை இன்னொரு முறை விட்டுப் பார். இந்தக் கடைசிப் பார்வையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

கியர் விழும்போது ‘டங்’ என்று அடிக்கிறது என்றாயே, அது கியர்ப் பெட்டிப் பழுதல்ல. இந்த வண்டிக்குக் கைக் கிளச் இல்லை. கியர் மிதியை அழுத்தும்போது மிதியே கிளச்சையும் விலக்குகிறது. விலக்குகிற அளவு தேய்மானத்தால் மாறிவிடும். வலப்பக்க மூடியில் ஒரு ஸ்குரூவும் அதைச் சுற்றி ஒரு நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்து. ஸ்குரூவை மணிக்கூட்டுத் திசையில் ஒரு சுற்றுத் திருப்பு. பிறகு எதிர்த்திசையில், கையில் மெல்லத் தடை தெரியும்வரை திருப்பு. தெரிந்த இடத்திலிருந்து திரும்ப மணிக்கூட்டுத் திசையில் எட்டில் ஒரு பங்கு. ஸ்குரூ அசையாமல் பிடித்து நட்டை இறுக்கு. இந்த எட்டில் ஒன்றைத் திருப்பாமல் தடையிலேயே இறுக்கினால் கிளச் பாதி விலகியே நிற்கும்: எஞ்சின் கத்தும், வண்டி போகாது, கிக்கரும் வழுக்கும். இதையே கிளச் தட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிப் புதுத் தட்டுக்குக் காசு வாங்குகிற ஆக்கள் எந்த ஊரிலும் உண்டு.

பிளக்கைக் கழற்ற 16 சாவி வேணும். நுனியின் நிறத்தைப் பார். தேத்தண்ணிச் சாயம் மாதிரி இருந்தால் ஒன்றும் செய்யாதே. உலர்ந்த கரி என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார். ஈரக் கறுப்பு என்றால் ஒயில் மேலே ஏறுகிறது. வெள்ளையாகச் சுட்டிருந்தால் காபரேற்றருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். நம்முடையது 12 வோல்ற் சீடிஐ, அதாவது மின்னணு முறையில் பொறி தருவது; பழைய வண்டிகளில் தேய்கிற பொயின்ற் தொல்லை இல்லை.

காபரேற்றரில் அடைப்பது பெரும்பாலும் பெற்றோல் போகிற சின்ன ஜெட் துளைதான். நாட்கணக்கில் நின்ற வண்டியில் பெற்றோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டும். சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்தால் நிற்கிற வண்டிக்கு இதுதான் வியாதி. ஜெட்டுக்குள் ஊசி விடாதே, பித்தளைத் துளை பெருத்துவிடும். பழைய வயரைச் சீவி ஒரு செப்பு இழையை எடுத்து விடு. ஏர் ஸ்குரூவைத் தொடுமுன் எத்தனை சுற்று நிற்கிறது என்று எண்ணி எழுதிவை.

செயின் மூடியைக் கழற்றி எறியச் சொல்கிற நண்பர்களின் பேச்சைக் கேட்காதே. டச்சுக்குடாப் பக்கம் ஓடுகிற வண்டியின் செயினை மணலிலிருந்து காப்பது அந்தத் தகரம்தான். பார்க்கிற ஓட்டையால் விரலை விட்டால் 10 முதல் 20 மில்லிமீற்றர் தொய்வு இருக்கவேண்டும். இறுக்கும்போது இரண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணில் நிற்கட்டும். இணைப்புக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும், மாறிப் போட்டால் ஒருநாள் கழன்று பறக்கும்.

பிறேக் டிறம்முக்குள் இருக்கிற தூசியை வாயால் ஊதாதே. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். ஈரச் சீலையால் துடைத்து எடு. முன் பிறேக் பிடிக்க முன்பக்கம் மேலே எழும்புகிறது என்று அப்பா சொன்னாராம். அது பழுதில்லை, முன் சக்கரத்தைத் தாங்குகிற அந்த வகை ஃபோர்க்கின் சுபாவம்.

இனி உப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவு. வாளியும் சீலையும் போதும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவது கழுவாமல் விடுவதை விட மோசம். சட்டம் தகட்டை வளைத்துச் செய்தது, வெளியே பெயின்ற் பளபளக்கும், உள்ளே தின்றுகொண்டிருக்கும். பின் மட்காட்டின் உட்புறத்தில் சேறு சேருகிற மூலைகளைக் கையால் தடவிப் பார். கறள் கண்டால் சுரண்டி, பிறைமர் அடித்து, பிறகு பெயின்ற். மாரிக்கு முன் எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு வருகிற எர்த் போல்ற்றைக் கழற்றி, உப்புத்தாளால் மினுக்கி, வாசிலின் பூசிப் பூட்டு. லைற் மங்குவது, ஹோர்ன் விக்குவது எல்லாவற்றுக்கும் பாதிக் காரணம் அந்த ஒரு போல்ற்று. பிறேக் கேபிளின் மேல்நுனியில் பொலித்தீன் பை மூலையைக் கூம்பாகக் கட்டி, ஒயில் ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிடு. காலையில் கீழ்நுனியால் கறுப்பாய்ச் சொட்டும்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிற ஒருவரிடம் ஃபீலர் கேஜும் ஒரு ஸ்குரூட்றைவரும் கொடுத்துவிடுகிறேன். அது சாதாரண நட்சத்திர ஸ்குரூட்றைவர் மாதிரியே இருக்கும், ஆனால் ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவு. ஜப்பான் ஸ்குரூத் தலையில் மற்றது முழுதாக இறங்காது. திருப்பத் திருப்ப மேலே ஏறித் தலையைச் சிராய்த்துவிடும். அது வரும்வரை எஞ்சின் மூடி ஸ்குரூ ஒன்றையும் தொடாதே. அதுவரை ஒயிலையும் கிளச்சையும் பார். பிளக்கைக் கழற்றினால் துடைக்காமல் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு.

அப்பாவிடம் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டு, கிலோமீற்றரையும் குறித்து அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணா