பாப்பா, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. நான் இங்கே எழுதுவதைப் பாப்பா உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும், அதனால் இந்த வழி. ஊரே படிக்குமே என்று நீ முறைப்பதும் தெரிகிறது. சுங்கைப் பட்டாணிச் சித்தப்பா படிப்பார். என் ஃபேக்டரி லைனில் வேலை செய்யும் பெண்கள் படிப்பார்கள். ஆகவே சிலதைத் தொட்டும் தொடாமலும்தான் சொல்வேன். அத்தான் பேச்சை எடுக்க மாட்டேன். அந்த விரல் என்ன ஆயிற்று என்பதும் இங்கே வேண்டாம்.

தைப்பூசம் வந்துவிட்டது. ஒரு வருடம்.

அம்மா போனது, நீ படிப்பை விட்டது, அந்த வாடகை வீடு எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. நேராகப் படிக்கட்டுக்கு வருகிறேன்.

விடியற்காலை 4 மணி இருக்கும். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மொத்தம் 513 படி. நாம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஏறுகிற கூட்டம் ஒரு பக்கம், இறங்குகிற கூட்டம் ஒரு பக்கம், கீழே எங்கோ உருமி. உன் தலையில் பால்குடம், வாயில் மஞ்சள் துணி கட்டியது. நான் இரண்டு படி பின்னால் வந்தேன், அதனால் என் கண்ணுக்கு நேராக உன் குதிகால்தான். நீ வலது காலை எடுத்த படியில் சின்னதாக ஒரு சிவப்பு. யாரோ குங்குமம் சிந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த படியிலும் இருந்தது. அதற்கடுத்த படியில் அது விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

உன்னை நிறுத்தி, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் சிரட்டைச் சில்லு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு, உள்ளே போய்ப் பதிந்திருந்தது. முதல் நாள் ரதத்துக்கு உடைத்த தேங்காயில் பெருக்குமாறுக்குத் தப்பியது. ரோட்டிலேயே ஏறியிருக்க வேண்டும். அதோடு எத்தனை படி ஏறினாயோ.

நீ கேட்டாய்: "என்னடா, ஏன் நிக்கச் சொல்றே?"

சர்க்கரையில் கால் மரத்துப்போய், உனக்கு வலிக்கவே இல்லை அக்கா. வலித்து நீ கத்தியிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன்.

நான் என்ன சொன்னேன் என்பதை மறுபடி எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் கோழைத்தனம். பாப்பா, இந்த ஒரு வரியை மட்டும் மனதுக்குள் படித்துக்கொள். "தின்னு தின்னுதானே இப்படி ஆனே, காலை வெட்டி எடுத்தாத்தான் உனக்குப் புத்தி வரும்." பக்கத்தில் பால்குடம் எடுத்து வந்த சீனப் பெண்மணி ஒருவர் குனிந்து இடுப்புப் பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து நீட்டினார். கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

நீ ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டைக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டினாய். குடத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தலையை ஆட்டிவிட்டாய். மீதிப் படி முழுவதும் ஏறினாய். பாலை ஊற்றினாய். இறங்கினாய். அதோடு சரி.

சொன்னது தப்பு. மன்னித்துவிடு. ஆனால்...

இந்த 'ஆனால்' வந்ததுமே நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாய். பாப்பா, கையைப் பிடித்து உட்கார வை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்னால் அரசாங்கக் கிளினிக்கில் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் சோதனை, எச்பிஏ1சி. 6.1 என்று வந்தது. நம் நாட்டில் 6.3ஐத் தொட்டால் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டுதான் உனக்குப் பின்னால் படி ஏறினேன். உன் பாதத்தில் என் பாதத்தைப் பார்த்தேன், பயந்தேன், அந்தப் பயத்தை உன் தலையில் கொட்டினேன். இது நியாயம் ஆகாது, ஆனால் காரணம் இதுதான்.

அப்படியென்றால் நீ மட்டும் சும்மா இருந்தாயா? அதற்கு முந்தின தீபாவளிக்கு நான் பாதித் தட்டோடு எழுந்தபோது அத்தைகள் முன்னால் என்ன சொன்னாய்? "தொரைக்கு நம்ம சோறு எறங்காதாம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வலித்தது. உட்கார்ந்து இன்னும் இரண்டு லட்டு தின்றேன், உனக்குச் சந்தோஷம். நாலு கிலோ குறைந்தபோது "நோயாளி மாதிரி இருக்கே" என்றாய். நாலு கிலோ கூடியபோது ஒன்றும் சொல்லவில்லை. 2023இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறார்கள். நம் வீட்டுத் தீபாவளிப் பந்தியில் அந்தக் கணக்கு செல்லாது. பாதிப் பேருக்கு இலைக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. அந்தப் பந்தியில்தான் 'இன்னும் ஒண்ணு, ஒரே ஒண்ணு'.

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை யார் படித்தாலும் பரவாயில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நீ ரொட்டியில் காயா, அந்தத் தேங்காய்ப்பால் முட்டை ஜாம், தடவுவாய். நாலு ஓரத்தையும் கத்தியால் வெட்டி நீ தின்பாய், நடுவை எனக்குத் தருவாய். உனக்கு ஓரம்தான் பிடிக்கும் என்று பத்து வயது வரை நம்பினேன். அன்று தொடங்கிய ஊட்டலை நீ நிறுத்தவே இல்லை அக்கா. எனக்கு 44 ஆகிறது. உன் கையிலிருந்து வரும் எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் வராமலே இருந்துவிட்டேன். வேலை, ஓவர்டைம், பாலத்தில் நெரிசல் என்று சொன்னதில் பாதி பொய்.

இந்த ஒரு வருடத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்க மாட்டாய். கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பயத்தை வைத்து ஓட்டினேன். உன் காலை நினைத்துக்கொண்டு விடிகாலையில் எழுந்து ஓடினேன். 11 நாள். பிறகு ஒரு ஜிம்மில் ஆறு மாதக் கட்டணத்தைக் கட்டினேன். அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு என்னையே திட்டிக்கொள்வதுதான் வேலை, எடை தூக்கியது கொஞ்சம்தான். ஒன்பதாம் நாளோடு நின்றது. அன்றிரவு பாயான் லெப்பாஸ் கேண்டீனில் இரண்டு ரொட்டி சானாய் (நம் பரோட்டாதான்), ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ), 'போச்சு, இனி என்ன' என்று.

அந்த 'போச்சு' பற்றி ஒரு ஆய்வு படித்தேன். 2007இல் அமெரிக்காவில் வந்தது. கல்லூரிப் பெண்களுக்கு ஒரு டோனட் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். சிலரிடம் மட்டும், 'எல்லோரும் எப்போதாவது தின்பதுதானே, இதற்காக உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம்' என்கிறார்கள். அப்புறம் மிட்டாயை முன்னால் வைத்து ருசி பார்க்கச் சொல்கிறார்கள். வாயைக் கட்டி வாழ்பவர்களில், அந்த ஆறுதல் கிடைத்தவர்கள் குறைவாக எடுத்திருக்கிறார்கள், கிடைக்காதவர்கள் கூடுதலாக. நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், திட்டினால் இன்னொரு லட்டு உள்ளே போகும். எனக்குப் போனது. நான் திட்டித் திட்டி உனக்கு எத்தனை போனதோ.

மறுமுறை கிளினிக்குக்குப் போனபோது அந்த மிஸ்ஸி, நர்ஸம்மா, என்னிடம் எதை நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "வீட்டுல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார். கிளினிக்கில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. யோசிக்காமல் சொன்னேன்: எங்கக்கா வைக்கிற முருங்கைக்கீரை, நெத்திலிச் சம்பல். அவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். நீயும் பார்த்திருப்பாய், 'சுக்கு சுக்கு செப்பாரோ', மலாயில் கால், கால், பாதி. தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ, மீதிப் பாதி காயும் பழமும். "அந்தப் பாதிக்கு உங்கக்கா கீரை போதுமே" என்றார். கீரையை முதலில், சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்றார். பேருந்தில் வரும்போது சிரிப்பாக வந்தது. ஒரு வருடமாக எந்த வீட்டுக்குப் பயந்து ஓடினேனோ, என் மருந்தில் பாதி அந்த வீட்டுக் கொல்லையில் நிற்கிறது.

நடை இப்போது பத்தே நிமிடம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஃப்ளாட்டுக்குக் கீழே இறங்கி இரண்டு சுற்று. கால் தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்ளுமாம், இன்சுலினுக்காகக் காத்திருக்காதாம். போனில் மின்னல் எஃப்எம்மைப் போட்டுக்கொள்வேன். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் மூன்றாவது சுற்று. லீவு நாளில் பொட்டானிக் கார்டனுக்குப் போகிறேன், அதே கோயில் ரோடுதான், இன்னும் கொஞ்சம் மேலே. 1884இல் போட்ட தோட்டம், மழை மரமெல்லாம் கிழவனாகி நிற்கிறது. குரங்குகள் என் பையைத் தேடி ஏமாந்து போகின்றன. தரையைப் பார்த்தே நடக்கிறேன் என்பதைப் போன மாதம்தான் கவனித்தேன். சிரட்டை தேடுகிறேன்.

விட்டுப்போகும் நாளும் உண்டு. நைட் ஷிஃப்ட் வாரத்தில் நாலு நாள் இறங்கவே இல்லை. பழைய நான் என்றால் அத்தோடு கதை முடிந்திருக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்தார்களாம். ஒரு புதுப் பழக்கம் தானாக வர சராசரி 66 நாள் பிடித்ததாம், ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்று போனதாம். எனக்குப் பிடித்தது வேறு வரி: நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை. நான் தவறியது நாலு. ஐந்தாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன், அவ்வளவுதான். இப்போது 5.8. மாத்திரை இல்லை. உன்னோடு ஒப்பிட்டுப் பெருமை அடிக்கவில்லை, உனக்குத் தொடங்கிய வயதும் நீ நின்று வேலை பார்த்த வருடங்களும் வேறு.

சாமியாராகிவிட்டேன் என்று நினைக்காதே. மாதம் ஒரு தடவை நாசி கண்டார் உண்டு, 'பஞ்சிர்', அதாவது சோறு மூழ்கக் குழம்பு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு. (கண்டார் என்பது தோளில் சுமக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் அதில் தொங்கவிட்டு, காவடி மாதிரி, தெருத் தெருவாகச் சுமந்து விற்றார்கள். சுமந்தவர்கள் நடந்தார்கள், நாம் உட்கார்ந்து தின்கிறோம்.) தே தாரிக் இப்போது 'கூராங் மானிஸ்', இனிப்பு குறைவாக. சீனியே இல்லாத 'கோசோங்' எனக்கு இறங்கவில்லை, மூன்று நாள் முயன்று விட்டுவிட்டேன்.

இனி செய்யப்போவதைச் சொல்கிறேன். உன் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க மாட்டேன். தட்டை எட்டிப் பார்க்க மாட்டேன். உன் வீட்டுக்கு வருவேன், கீரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். லட்டு வைத்தால் ஒன்று எடுப்பேன். இரண்டாவதற்கு வேண்டாம் என்பேன். அத்தைகள் முன்னால் என்றாலும் சொல்வேன். நீ அதற்குச் சிரிக்கக்கூடாது. சிரித்தாலும் எழுந்து போக மாட்டேன்.

பாப்பா, இனி எழுதுவது அம்மாவுக்கு இல்லாவிட்டாலும் உனக்கு. உங்கள் கேட்டில் ஒரு பை மாட்டியிருக்கிறேன். தடித்த காலுறை இரண்டு ஜோடி. மஞ்சளில் கிடைக்கவில்லை, சாம்பல்தான். மலையடி வரைக்கும் அம்மா செருப்போடு வரட்டும், படியில் காலுறை. சாமி கோபிக்காது. சின்னக் கைக்கண்ணாடி ஒன்றும் இருக்கும். தினம் ராத்திரி படுக்கும் முன் அதைத் தரையில் வைத்துப் பாதத்துக்கு அடியில் பார்க்கச் சொல், விரல் இடுக்கிலும். அம்மா பார்க்காவிட்டால் நீ பார்.

அக்கா, நான் 4 மணிக்குக் கீழே, போன வருடம் நின்ற அதே தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் இருப்பேன். இந்த முறை உனக்கு முன்னால் ஏறுகிறேன், படியைப் பார்த்துக்கொண்டு. என்னோடு பேச வேண்டாம். காலுறை சின்னதாக இருந்தால் மட்டும் பாப்பாவை ஒரு மெசேஜ் போடச் சொல், மாற்றிக் கொடுப்பார்கள், ரசீது என்னிடம் இருக்கிறது.