ஜனவரி 26-க்குப் பேசப்போகும் டீச்சருக்கு

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். இந்த வருஷம் உங்கள் பள்ளியில் குடியரசு நாள் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கொடிக்கயிறு ஒன்று, பத்து நிமிஷப் பேச்சு ஒன்று. இரண்டைப் பற்றியும் சொல்ல விஷயம் இருக்கிறது.

முதலில் பேச்சு. ஆகஸ்டில் பேசியதையே ஜனவரியிலும் பேசுவது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. உப்புச் சத்தியாகிரகம், வெள்ளையனே வெளியேறு, கடைசியில் கைதட்டல். குடியரசு என்றால் என்ன மாறியது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் சட்டப்படி நாட்டின் தலைமை ஆறாம் ஜார்ஜ் மன்னரிடம்தான் இருந்தது. அவர் பேரில் டெல்லியில் கவர்னர் ஜெனரல் உட்கார்ந்திருந்தார். 1950 ஜனவரி 26 காலை 10.18 மணிக்கு அது முடிந்தது. குடியரசுப் பிரகடனத்தை வாசித்துவிட்டுப் பதவியை விட்டு இறங்கியவர் கடைசி கவர்னர் ஜெனரல். ஆறு நிமிஷம் கழித்து ராஜேந்திர பிரசாத் பதவியேற்றார்.

அந்தக் கடைசி கவர்னர் ஜெனரல் ராஜாஜி, 1878-இல் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். அவர் அப்பா அந்த ஊர் முன்சீப். முன்சீப் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது, இன்றைய வி.ஏ.ஓ.வுக்கு முன்னால் ஊரில் கிஸ்தி வசூலித்த ஆள் என்று சொல்லுங்கள். வெள்ளைக்கார ஆட்சியின் கடைசிப் படியில் அப்பா, உச்சிப் படியில் மகன். அந்த மகன் இறங்கியதும் படியையே எடுத்துவிட்டார்கள். உங்கள் பேச்சை இங்கே தொடங்கலாம்.

அடுத்து, அந்த ஆட்சி நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மண்ணுக்கு எப்படி வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெரிகிற கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். 1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதன் மேல் ஏறப் பார்த்துத் தோற்றது. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து நிலத்தை, விட்டுக்கொடுத்ததும், சண்டையில் விழாத கோட்டை காகிதத்தில் கைமாறியது. வசூலுக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர்களில் தாமஸ் மன்றோ தர்மபுரியில் இருந்து வேலை பார்த்தார். நிலத்தை அளந்து, இன்ன உழவன் இவ்வளவு கட்டவேண்டும் என்று ஆள் ஆளாகப் பேர் எழுதி வசூலிக்கிற முறை இங்கேதான் பழகிப் பார்க்கப்பட்டது. பாடப்புத்தகத்தில் இரயத்துவாரி என்று ஒரே வரியில் கடந்துபோவது இதுதான்.

இங்கே வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் இரண்டு. ஓசூர்ப் பக்கம் பாராமகாலில் சேராது. அது 1799-இல் திப்பு மாண்ட பிறகுதான் கம்பெனிக்குப் போனது. தொரப்பள்ளியைப் பாராமகால் கணக்கில் எழுதாதீர்கள். இன்னொன்று, பழைய புத்தகங்களில் சேலம் மாவட்டம் என்று இருப்பதைப் பார்த்து நம் ஊர் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல்.

பேச்சின் நடுவில் பட்டா நகல் ஒன்றையும் வாக்காளர் அட்டை ஒன்றையும் கையில் எடுத்துக் காட்டுங்கள். வெள்ளைக்காரர் போட்ட 1935 இந்திய அரசுச் சட்டத்தின்படி நிலவரி கட்டியவர், வேறு வரி கட்டியவர், படித்தவர் போன்றோருக்குத்தான் ஓட்டு. கூலிக்கு அறுப்பறுத்த ஆளுக்குப் பெரும்பாலும் கிடையாது. 1950-இல் அரசியல் சட்டம் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் கொடுத்தது. 18 ஆனது 1989-இல். ஒன்று மட்டும் கவனம். யார் வீட்டில் பட்டா இருக்கிறது என்று பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லிவிடாதீர்கள். பாதிப் பேர் வீட்டில் இருக்காது. உங்கள் வீட்டு நகலே போதும்.

இனி கொடி. ஆகஸ்ட் 15-இல் கொடியைக் கீழேயிருந்து ஏற்றுவோம். ஜனவரி 26-இல் உச்சியில் முன்பே கட்டி வைத்த கொடியை விரிக்கிறோம். அதனால் ஜனவரியில் எல்லாம் முடிச்சில் இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் கப்பிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கொடியை மடிக்காமல் ஒரு முறை உச்சி வரை ஏற்றிப் பாருங்கள். காவி மேலே இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். தலைகீழாகப் பறக்கும் கொடிகளில் பாதி இந்த ஒத்திகை இல்லாததால் வருவது. பார்த்ததும் இறக்கி உள்ளே வைத்துவிடுங்கள். இரவே கட்டி வைத்தால் நம் பக்கத்து மார்கழி, தைப் பனியில் பருத்திக் கயிறு ஊறிப் பருத்து முடிச்சு இறுகிவிடும். பிறகு தலைமையாசிரியர் எவ்வளவு இழுத்தாலும் வராது.

காலையில் கொடியின் மேல்முனை, கீழ்முனை இரண்டையும் கயிற்றில் கட்டுங்கள். நீளவாக்கில் மடித்துச் சுருட்டி, உள்ளே ஒரு கைப்பிடி உதிரிப்பூ மட்டும் போடுங்கள். கொடிச் சட்டம் அதை அனுமதிக்கிறது. முழுச் சாமந்தி வேண்டாம், கனத்தில் கொடி விரியாமல் தொங்கும். கீழ்முனையிலிருந்து தொங்குகிற கயிற்றில் ஒரு கண்ணி எடுத்துச் சுருளைச் சுற்றிச் செருகுங்கள். ஒரே சுற்று, அதிகம் போனால் இரண்டு. கயிற்றின் நுனியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்துவிடாதீர்கள். அது முழு முடிச்சாகிவிடும். தரையிலேயே ஒரு முறை இழுத்துப் பார்த்து, திரும்பச் சுருட்டி உச்சிக்கு ஏற்றி, ஏற்றும் கயிற்றைக் கம்பத்தில் இறுகக் கட்டுங்கள். விரிப்பவர் கையில் எந்தக் கயிறு என்று காட்டிவிடுங்கள். பலபேர் தவறான கயிற்றை இழுத்துக் கொடியையே இறக்கிவிடுகிறார்கள்.

2022 ஜூலை முதல் திறந்தவெளியில் இரவிலும் பறக்கவிடலாம். ஆனாலும் சூரியன் சாய்வதற்குள் இறக்கிவிடுவது துணிக்கு நல்லது. ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக. சட்டையில் குத்திய காகிதக் கொடிகளை மிட்டாய் கொடுக்கும்போதே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மைதானம் முழுக்க மிதிபடும்.

தர்மபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-இல் மறைந்த விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவாவை விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். சிறையில் தொழுநோய் வாங்கி, ரயிலில் ஏற்றாததால் நடந்தே ஊர் ஊராகப் போன மனுஷர். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டவென்று அவர் பாப்பாரப்பட்டியில் இடம் எடுக்க, 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். சிவாவை ஜனவரிப் பேச்சின் கடைசி இரண்டு நிமிஷத்தில் அடைக்க வேண்டாம். ஆகஸ்டுக்கு முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் நினைவு நாள் ஜூலை 23. அந்த வாரமே பிள்ளைகளை நினைவிடத்துக்குக் கூட்டிப் போய்விட்டால் ஆகஸ்ட் பேச்சை அவர்களே எழுதிவிடுவார்கள்.

அன்புடன்,
பழைய வரலாற்று வாத்தியார்