வாய் திறக்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

உறவினர்களுக்கும், மருத்துவமனைத் தோழமைகளுக்கும், ரோஸ் ஹில், காத்ர் போர்ன் வட்டாரத்து அன்பர்களுக்கும் வணக்கம்.

ஆவணியில் எங்கள் திருமணம் நல்லபடியாக நடந்தேறியது. வந்து வாழ்த்தியவர்களுக்கு மண்டபத்திலேயே கைகூப்பிவிட்டோம். இந்த மடல், மேடைப் பக்கம் வராமலே உதவியவர்களுக்கு. அதிலும் முதல் நன்றி, சும்மா இருந்தவர்களுக்குத்தான். மொரீசியஸ் தீவு வடக்கிலிருந்து தெற்கு வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். போர்ட் லூயிஸில் காலையில் தும்மினால் மதியத்துக்குள் மாஹேபூரில் கஷாயம் காய்ச்சிவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில், மனைவியை இழந்து சிறு மகளோடு வாழும் ஒரு டாக்டரும் அதே பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸும் பழகுவதைக் கண்டும் காணாததுபோல் இருப்பது லேசான காரியமா?

எங்கள் சார்ஜ் நர்ஸ் அக்காவுக்கு நன்றி. கிறிஸ்துமஸ் அன்று வேலைக்கு வர யாராவது ஒப்புக்கொள்வார்கள். டிசம்பர் 31 இரவுக்கு ஆள் கிடைப்பதில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அரசு விடுமுறை. ஊரே பட்டாசு வெடிக்கும். நள்ளிரவு தாண்டியதும் வெந்த கையோடு ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். நான் தனி ஆள் என்பதால் அந்த இரவு என் தலையில் விழுந்தது. டாக்டருக்கும் அன்றே இரவுப் பணி. டாக்டர்களின் பட்டியலில் தன் கை இல்லை என்று அக்கா சத்தியம் செய்கிறார். நான் நம்பவில்லை.

மகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி பண்டிகைக்காகத் தன் ஊரான ரோட்ரிகுஸ் தீவுக்குப் போயிருந்தார். (அவர் போனதே எங்களுக்குச் செய்த பேருதவி.) பாட்டிக்கோ காய்ச்சல். வேறு வழியின்றி டாக்டர் குழந்தையையும் அழைத்துவந்துவிட்டார். துப்புரவுப் பணி அக்காதான் ஓய்வறையில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, போர்வை விரித்து, தான் சாப்பிட வைத்திருந்த பருப்பு வடையைக் கொடுத்து அவளை உட்காரவைத்தார்.

ஒரு பையனின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சிவப்புப் பட்டாசுத் தாளை டாக்டர் இடுக்கியால் துணுக்குத் துணுக்காக எடுத்துக்கொண்டிருந்தார். நான் உப்புநீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். பையன் அலறும்போதெல்லாம் ஓய்வறைக் கதவு திறந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்க்கும். கடைசியில் அவளே வந்து, அப்பாவுக்கு இதைவிட மெதுவாகவும் எடுக்கத் தெரியும் என்று அந்தப் பையனிடம் கிரியோலில் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. யாரை முதலில் பிடித்தது என்று தோழிகள் கேட்கிறார்கள். மகளைத்தான்.

பிறகு நடந்ததையெல்லாம் எழுதப்போவதில்லை. பணிமுறை மாற்றிக்கொடுத்தவர்கள், தைப்பூசக் காவடி விரதத்தின்போது எனக்கும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தவர்கள், எங்களைச் சேர்ந்தாற்போல் பார்த்தாலே ஆம்புலன்ஸ் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடும் அண்ணன் என எல்லோருக்கும் நன்றி. பிள்ளை இருக்கும் இடத்தில் பெண் கொடுப்பதா என்று என் அம்மாவின் காதில் ஓதியவர்களும் உண்டு. அவர்களும் வந்து வயிறாரச் சாப்பிட்டார்கள், சந்தோஷம்.

மகளின் பாட்டிக்கு, அதாவது மறைந்த அவர் மனைவியின் தாயாருக்கு, எப்படி நன்றி சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரிடம் விஷயத்தைச் சொல்லவே நாங்கள் இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று அவரே ஒரு நாள் வந்தார். பார்த்து முடித்த பிறகும் போகாமல் காலை முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது, "பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "வெள்ளிக்கிழமை வா, சொல்லித் தருகிறேன்" என்றார். எங்கள் நிச்சயதார்த்தம் அதுதான்.

கல்யாணத்தன்றும் ஏழு கறிப் பந்திக்கு அவர்தான் அதிகாரி. பூசணிக்காய்க் கறியில் உப்புப் போதவில்லை என்று சமையல்காரர்களை ஒரு வழி செய்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் அவரைச் சமையற்கட்டிலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்துதான் முன்வரிசையில் உட்காரவைத்தோம்.

இரவல் வாங்கிய பாத்திரங்களில் பெரிய தேக்சா மூன்றும் ஒரு பித்தளைக் கரண்டியும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. யாருடையவை என்று தெரியவில்லை. உரியவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் வந்து எடுத்துக்கொள்ளலாம். தேநீர் குடிக்காமல் அனுப்பமாட்டோம்.

நன்றியுடன்,
புது மணமக்களும் மகளும்