அக்காவின் கண்ணும் உன் சிகரெட்டும்

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு நீ வராத கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். அக்கா விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

போன மாதம் அவளுக்கு இடது இமை பாதி இறங்கிவிட்டது. கண்ணுக்குப் பின்னால் வலி. டிவியில் செய்தி வாசிப்பவர் இரண்டு பேராகத் தெரிகிறார் என்றாள். "ஒருத்தரையே சகிக்க முடியல" என்றார் மச்சான். கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று கண் டாக்டரிடம் போனோம். அவர் டார்ச் அடித்தார். வலது கண் பாப்பா சட்டென்று சுருங்கியது. இடது அகல விரிந்தபடியே நின்றது. கண்ணாடிப் பேச்சையே எடுக்கவில்லை. "வீட்டுக்குப் போகாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

மூளை ரத்தக்குழாயில் சைக்கிள் டியூப் புடைத்த மாதிரி ஒரு வீக்கம். அனியூரிசமாம். கண்ணை அசைக்கும் நரம்பை அது அழுத்தியிருக்கிறது. நல்லவேளை, வெடிக்கவில்லை. தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, பிளாட்டினம் கம்பிச் சுருளால் அடைத்துவிட்டார்கள். இப்போது என்னை அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

எல்லாருக்கும் இப்படி முன்கூட்டியே கண்ணில் காட்டாது. வெடித்தால் தலைவலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம். சிலர் மயங்கியே விழுவார்கள். சிலருக்குச் சில நாள் முன்பே லேசாகக் கசிந்து, அதே மாதிரி திடீர் வலி வந்து அடங்கிவிடுமாம். நம் ஆட்கள் தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார்கள். உடனே ஓடிப்போய் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டிய நேரம் அது.

இதைக் கேட்கும்போது எனக்கு உன் அப்பா ஞாபகம்தான். கிணற்றடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவேயில்லை. உன் பெரியண்ணனும் அப்படித்தான், 46 வயதில். என்னவென்று அன்று யாரும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவில்லை. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் இரண்டு பேருக்கு இது இருந்திருந்தால் மற்றவர்கள் சோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னார். சிகரெட்டும் பிரஷரும் ஆபத்தைக் கூட்டுமாம். நீ இரண்டையும் ஆசையாக வளர்க்கிறாய். மாத்திரைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வேறு!

முதலில் ஒரு டாக்டரைப் பார்த்து இந்தக் குடும்பக் கதையைச் சொல். மூளை ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடு. வலிக்காது. சத்தம் இருக்கும், உன் குறட்டையைவிடக் குறைவுதான். தம்பியையும் கூட்டிப் போ.

தேதி வாங்கியதும் எழுது. செலவைச் சாக்குச் சொல்லாதே. நான் தருகிறேன், பழைய மெஸ் பாக்கியோடு சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

உன்,
மாமன்