அந்தக் கன்சோலைக் கைவிடும் முன்: கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பல கன்சோல்களுக்கும் கேம் வெளியிடும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். ஒரு கேம் ஏதோ ஒரு கன்சோலில் (டிவியோடு இணைத்து கேம் ஆடும் கருவியில்) விலைபோகவில்லை என்றால் உங்கள் தரப்பிலிருந்து வரும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தக் கன்சோல்காரர்கள் இந்த மாதிரி கேம் வாங்குவதில்லை." அடுத்த கேம் அறிவிப்பில் அந்தக் கன்சோலின் பெயரே இருக்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கன்சோல் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பது விற்பனையைத் தீர்மானிக்கும், மறுக்கவில்லை. ரெசிடென்ட் ஈவில் 4 என்ற கேம் முதலில் 2005 ஜனவரியில் நிண்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்குத்தான் வந்தது. அக்டோபரில் வந்த, சோனியின் பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்கான பதிப்பில் படத்தரம் சற்று மட்டு. இருந்தும் அதுதான் கூடுதலாக விற்றது. கேம்கியூப் விற்றது சுமார் 2.2 கோடி, பிளேஸ்டேஷன் 2 விற்றதோ 15 கோடிக்கும் மேல், வேறென்ன நடக்கும்?

ஆனால் எல்லாத் தோல்விக்கும் இதையே காரணம் காட்டாதீர்கள். 2012 நவம்பரில் நிண்டெண்டோவின் வீ யூ கன்சோலோடு கூடவே வந்த மாஸ் எஃபெக்ட் 3 கேமை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கன்சோல்காரர்கள் அதை மார்ச்சிலேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். தொடர்கதையின் கடைசிப் பாகம் அது. முந்தைய இரண்டும் வீ யூவில் கிடையாது, முன்கதையைச் சொல்ல ஒரு சித்திரக்கதை மட்டும் உண்டு. விலை 60 டாலர். அதே மாதம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கு மூன்று பாகங்களும் அடங்கிய தொகுப்பு வந்தது. அதற்கும் 60 டாலர்தான்! கேமை உயிராக நேசிப்பவரே ஆனாலும் எதை வாங்கியிருப்பார்? இப்படி விற்றுவிட்டு, வந்த எண்ணிக்கையை வைத்து வாங்குபவர்களின் ரசனையை எடைபோடுவது அநியாயம்.

அடுத்த ஆண்டு ரேமன் லெஜண்ட்ஸ் கேமுக்கும் அடி விழுந்தது. வீ யூவுக்கு மட்டும் என்று சொல்லி பிப்ரவரியில் வரவேண்டியதை, மற்ற கன்சோல்களோடு சேர்த்து வெளியிடுவதற்காகச் செப்டம்பருக்குத் தள்ளினார்கள். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றம்தான்.

ஆட்கள் அதிகம் உள்ள கன்சோல் என்பதற்காக அரைகுறையாக இறக்கினாலும் தப்ப முடியாது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 கேம் பிளேஸ்டேஷன் 4-இல் தடுமாறியபோது, சோனி பணத்தைத் திருப்பித் தர முன்வந்து, தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்பி வர 2021 ஜூன் ஆனது.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. தாமதமாகும் என்றால் முன்பதிவு தொடங்கும்போதே சொல்லுங்கள். எதையாவது வெட்டினால் அதையும் சொல்லுங்கள். பால்டர்ஸ் கேட் 3 கேம், எக்ஸ்பாக்ஸ் வரிசையில் திறன் குறைந்த சீரிஸ் எஸ் கன்சோலுக்கு வந்தபோது, ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி இருக்காது என்று பல மாதங்களுக்கு முன்பே அறிவித்தார்கள். தெரிந்துதான் வாங்கினோம். அந்த நேர்மை போதும்.

ஒரே நாளில், ஒரே உள்ளடக்கத்தோடு, ஒரே விலையில் ஒருமுறை வெளியிட்டுப் பாருங்கள். அதற்கும் விற்காவிட்டால் தாராளமாக அந்தக் கன்சோலை விட்டுப் போங்கள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டோம்.

இப்படிக்கு,
முழு விலை கொடுத்து கேம் வாங்கும் ஒரு ரசிகன்