ஆண்டறிக்கை: ஒஷாவாவின் கிரீன் கேல்ஸ் அணியும் நமது சங்கத்தின் உள்ளூர் வரலாற்று ஆண்டும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழமையான அலுவல்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், முதியோர் மருத்துவ ஆலோசனை நாள் ஆகிய மூன்றும் குறித்த நாள்களில் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் எனக்குப் பின் வாசிப்பார். வெளியூர்ப் பயணத்துக்கு ஒழுங்கு செய்த பஸ் வராமல் போனதையும், குளிரில் பிள்ளைகள் இரண்டு மணிநேரம் காத்து நின்றதையும் நீங்கள் அறிவீர்கள். முற்பணம் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்தப் பயணத்தைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நாம் கையில் எடுத்த பெரிய வேலை, நாம் குடியிருக்கும், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஒஷாவா நகரின் வரலாற்றில் ஒரு பகுதியைத் தமிழில் எழுதி வைப்பது. சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்ட கேள்வியில் இது தொடங்கியது. அவருடைய மகன், வலை கட்டிய தடியால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் லக்ரோஸ் விளையாட்டைப் பழகுகிறான். அரங்கில் ஒரு முதியவர் அவனிடம், "கிரீன் கேல்ஸ் யாரென்று தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். பையனுக்குத் தெரியவில்லை. தாய்க்கும் தெரியவில்லை. 1960களில் இந்த நகரில் ஆடிய இளையோர் லக்ரோஸ் அணி அது. "இத்தனை ஆண்டுகள் இந்த நகரத்துக்கு வரி கட்டுகிறேன், இந்த ஊரின் ஒரு கதைகூட எனக்குத் தெரியாதே" என்று அவர் சொன்னபோது மண்டபம் அமைதியானது. செயலாளராக இருக்கும் எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

நம் சொந்த வரலாறே எழுதப்படாமல் கிடக்கும்போது மற்றவர்களின் விளையாட்டுக்கு ஏன் நேரம் செலவழிக்க வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த ஏக்கம் இயல்பானது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதுதான் பிறந்த ஊர். அந்த ஊரின் பெருமையும் வலியும் அவர்களுக்கு உரியவை என்றே செயற்குழு முடிவு செய்தது. ஆட்சேபித்தவரே பின்னர் நூலகத்துக்கு மற்ற எல்லோரையும்விட அதிக நாள்கள் வந்து உழைத்தார். அவருக்கு நன்றி.

இனி நாம் தேடி அறிந்ததைச் சொல்கிறேன்.

லக்ரோஸ் இந்த மண்ணின் முதற்குடிகளுடைய விளையாட்டு. அவர்களில் மொஹாக் உள்ளிட்ட இனங்களின் கூட்டமைப்பான ஹோடனோஷோனி மக்களுக்கு அது படைத்தவனை மகிழ்விக்கவும் நோயுற்றவர் குணமடையவும் ஆடப்படும் ஆட்டம். இந்த விளையாட்டுக்கு எழுத்தில் விதி வகுத்தவர் மொன்றியலைச் சேர்ந்த பல் மருத்துவர் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ். அது நடந்தது 1860களில். 1880 இல் தேசிய லக்ரோஸ் சங்கம் பணம் பெறாத அமெச்சூர் வீரர்கள் மட்டுமே ஆடலாம் என்று விதி செய்தது. பயணச் செலவுக்காகப் பணம் பெற்று ஆடிவந்த முதற்குடி வீரர்கள் அதனால் தேசியப் போட்டிகளிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். விளையாட்டைத் தந்தவர்களுக்கே வாசல் மூடப்பட்டது. இந்த வரியை நமது கண்காட்சிப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதும்படி கேட்டவர்கள் நம் இளையோர்.

நமது நகரத்துப் பையன்கள் ஆடியது பொக்ஸ் லக்ரோஸ். கோடையில் பனித்தளம் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த ஐஸ் ஹொக்கி அரங்குகளை நிரப்ப வழி தேடிய மொன்றியல் அரங்க உரிமையாளர்கள் 1931 இல் பரப்பிய வடிவம் அது. திறந்த வெளியில் ஆடும் ஆட்டத்தைப் பலகைச் சுவருக்குள் அடைத்தார்கள். பந்து வெளியே போக இடமில்லை, ஆட்டம் நிற்கவும் நேரமில்லை. 1953 முதல் கோல் காப்பாளரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர். கெட்டி ரப்பர் பந்து, வலை கட்டிய தடி, நான்கடி உயரக் கோல், அதை முழுக்க அடைத்து நிற்கும் காப்பாளர். முதல் தடவை பார்த்தபோது நம் உறுப்பினர் ஒருவர், "இது கிளித்தட்டை ஹொக்கி அரங்குக்குள் ஆடுவது போலல்லவா இருக்கிறது" என்றார். தட்டுக்காரனை ஏமாற்றி இடைவெளியில் நுழையும் அந்த உடல் வளைவு இரண்டுக்கும் பொதுவானதுதான்.

இளையோருக்கான தேசியப் பரிசு மின்ரோ கிண்ணம். கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த மின்ரோ (மிண்டோ) பிரபு 1901 இல் வழங்கியது. இந்திய வரலாறு படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். 1905 இல் இந்தியாவின் வைஸ்ராயாகச் சென்றவரும், மிண்டோ-மோர்லி சீர்திருத்தத்தில் பெயர் பதித்தவரும் அவர்தான். இதைப் படித்ததும் எங்கள் குழுவின் ஓய்வுபெற்ற ஆசிரியை பள்ளிக்கூடப் பாடத்தை அப்படியே ஒப்புவித்தார். அந்தக் கிண்ணம் இளையோருக்கென ஒதுக்கப்பட்டது 1937 இல். அதே 1937 ஏப்ரலில்தான் ஒஷாவாவின் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தங்கள் தொழிற்சங்கத்தை நிலைநாட்டினார்கள். நமது நகரம் காரால் பிழைத்த நகரம். விளையாட்டுக்கு வந்த கூட்டமும் பெரும்பாலும் அந்தத் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள்.

1953 செப்ரெம்பரில் ஒஷாவாவின் பழைய அரங்கு எரிந்துபோனது. இளையோர் ஹொக்கி அணியான ஜெனரல்ஸ் கலைந்தது, 1962 இல்தான் மீண்டும் எழுந்தது. பொபி ஓர் என்ற மேதை ஒஷாவாவில் பனியில் வழுக்கி விளையாடியது அந்தப் புது அணியில்தான். அடுத்த கோடையான 1963 இல் கிரீன் கேல்ஸ் மின்ரோ கிண்ணத்தை வென்றது. அதற்குப் பிறகு 1964, 1965, 1966, 1967, 1968, 1969. ஏழு ஆண்டுகள், ஒன்றுகூட இடையில் விடாமல்.

புதிய நகர அரங்கு திறக்கப்பட்டது 1964 இன் இறுதியில். அதாவது முதல் இரண்டு கிண்ணங்களும் அந்த அரங்கு எழுவதற்கு முன்பே ஒஷாவாவுக்கு வந்துவிட்டன. வசதி வந்த பிறகுதான் வெற்றி வரும் என்று நம்பும் பெற்றோர் இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டுகிறேன். இளையோர் அணியில் வயது வந்ததும் பையன்கள் விலகிப் போய்விடுவார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். 1963 இல் கிண்ணம் தூக்கியவர்கள் 1969 இல் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதி போக, புதியவர்கள் வர, அணி வென்றபடியே இருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை எந்த அணியும் இந்தக் கிண்ணத்தைத் தொடர்ந்து ஏழு தடவை வென்றதில்லை.

இதற்குப் பின்னால் இருந்தவர் பயிற்றுநர் ஜிம் பிஷப். உடல் வலுவிலும் ஒழுக்கத்திலும் கடுமையான மனிதர். எதிரணி களைக்கும்வரை ஓடுவது அவருடைய வழி. 1968 இல் தொழில்முறை லக்ரோஸ் சங்கம் ஒன்றைத் தொடங்கி, டெட்ரொயிட் அணியையும் அவர் நடத்தினார்.

அவருடைய வெற்றிகளைவிட அவர் ஒரு பையனுக்குச் சொன்ன அறிவுரையைத்தான் இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்தப் பையன் கேலோர்ட் பவ்லெஸ், 1946 டிசம்பரில் பிறந்தவர், சிக்ஸ் நேஷன்ஸ் என்ற முதற்குடி நிலப்பகுதியைச் சேர்ந்த மொஹாக் இனத்தவர். தந்தை ரோஸ் பவ்லெஸும் பெரிய வீரர். 1951 முதல் 1954 வரை பீட்டர்பரோ மூத்தோர் அணியில், மூத்தோருக்கான தேசியப் பரிசாகிய 'மான்' (Mann) கிண்ணத்தை நான்கு தடவை வென்றவர். மகன் 1964 இல், 17 வயதில், 150 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருந்த ஒஷாவாவுக்கு வந்து சேர்ந்தார். ஆடிய நான்கு ஆண்டுகளிலும் நான்கு கிண்ணங்கள். 1964 இலும் 1967 இலும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே. முதல் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் அவரே சிறந்தவர் என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் அடி வாங்கினார். எதிரணிகள் அவரைக் குறிவைத்தன. தடியால் வெட்டினார்கள், இனத்தைச் சொல்லி ஏசினார்கள். திருப்பி அடித்தால் அவரே தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும், அணிக்கு ஒரு ஆள் குறையும். அடித்தவன் பெட்டிக்குப் போனால் எதிரணிக்கு ஒரு ஆள் குறையும். அந்த நேரத்தில் கோல் போட்டுப் பதில் சொல் என்பதே பிஷப் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. கேலோர்ட் அப்படியே செய்தார்.

இதைப் பற்றி எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. அடிபட்டவனுக்கே பொறுமையைப் போதிப்பது நியாயமா என்று ஓர் இளம்பெண் கேட்டார். பள்ளி வளவில் ஏச்சுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அடித்தவர்களைத் தடுக்க வேண்டியது நடுவர்களின் கடமை, விளையாட்டை நடத்தியவர்களின் கடமை, அந்தப் பையனுடைய கடமை அல்ல. அவர் சகித்தது அவருடைய பெருமை. அவரைச் சகிக்க வைத்தது மற்றவர்களின் குற்றம். இரண்டையும் பலகையில் எழுதியிருக்கிறோம்.

கேலோர்ட் 1990 இல் கனேடிய லக்ரோஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 2001 இல் காலமானார். நாட்டின் எல்லா விளையாட்டுகளுக்குமான புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2017 இல், அவர் மறைந்து 16 ஆண்டுகள் கழித்து. தந்தை ரோஸ் 2003 இல் மறைந்தார்.

அந்தப் பையன்களின் கையில் இருந்தது மரத்தடி. ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, தோல் வாரும் நரம்பும் கொண்டு வலை பின்னுவார்கள். உலகில் விற்ற தடிகளில் மிகப் பெரும்பகுதி சென் லோரன்ஸ் ஆற்றிலுள்ள கோர்ன்வோல் தீவில், மொஹாக் கைவினைஞர்கள் வேலை செய்த ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1968 இல், கிரீன் கேல்ஸ் தனது ஆறாவது கிண்ணத்தை வென்ற ஆண்டில், அந்தத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் தலை வந்துவிட்டது. நமது பிள்ளைகள் கடையில் வாங்குவது அதைத்தான். பழைய மரத்தடி ஒன்றைக் கண்காட்சிக்கு இரவல் தந்த அயலவருக்குச் சங்கத்தின் நன்றி. அதைக் கையில் எடுத்த பிள்ளைகள் எல்லோரும் முதலில் சொன்னது "பாரமாக இருக்கிறதே" என்பதுதான்.

1969 உடன் ஏழாண்டுத் தொடர் முடிந்தது. கிரீன் கேல்ஸ் என்ற பெயர் இன்று கிழக்கே கிளாரிங்டனில் இளையோர் பி பிரிவு அணியாக வாழ்கிறது. நமக்கு மேற்கே விற்பியின் வொரியர்ஸ் 1999, 2011, 2013, 2022 ஆம் ஆண்டுகளில் மின்ரோ கிண்ணம் வென்றது. நம் பிள்ளைகள் சிலர் பழகச் செல்வது அந்த விற்பி அரங்கில்தான். கேலோர்ட்டின் சொந்த மண்ணான சிக்ஸ் நேஷன்ஸ் தன் பெயரிலேயே இளையோர் அணி நடத்தி 1992, 2007, 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் அதே கிண்ணத்தைத் தன் ஊருக்குக் கொண்டுபோனது. 1880 இல் மூடப்பட்ட வாசலை எண்ணிப் பார்த்தால் இந்த ஐந்து ஆண்டுகளின் கனம் புரியும்.

பஸ் வராததால் தவறிப்போன பயணம் அந்த மண்ணுக்குத்தான். அங்குள்ள லக்ரோஸ் அரங்கில் ஓர் இளையோர் ஆட்டம் பார்க்கப் போவதாக இருந்தோம். இதைவிட வருத்தம் தந்த விடயம் இந்த ஆண்டில் எனக்கு இல்லை.

ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்காட்சியின் முதல் நாளில் முதற்கிண்ணத்தின் ஆண்டை 1962 என்று அச்சிட்டிருந்தோம். நான் சரிபார்த்த பலகை அது. பார்க்க வந்த ஒரு முதியவர் மெல்லச் சுட்டிக்காட்டினார். அன்றிரவே மாற்றினோம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர் பிறகு ஒவ்வொரு நாளும் வந்து, பலகைகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளுக்குத் தடி பிடிக்கக் காட்டிக்கொடுத்தார்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைச் செயற்குழு பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறது. தவறிய பயணத்தை மே மாதத்தில், லக்ரோஸ் பருவம் தொடங்கியதும், உறுப்பினர்களின் சொந்தக் கார்களிலேயே நடத்த அனுமதி வேண்டும். தமிழில் எழுதிய பலகைகளின் ஒரு பிரதியை நகர நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்க ஒப்புதல் வேண்டும். லக்ரோஸ் பழக விரும்பியும் கவசமும் தடியும் வாங்க இயலாத பிள்ளைகளுக்காகச் சங்கம் உபகரணங்கள் சேர்த்து இரவல் கொடுக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகளின் பழைய தலைக்கவசம், கையுறை, தோள்கவசம் வீட்டில் கிடந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அளவு எழுதிய துண்டை ஒவ்வொன்றிலும் கட்டிவிடுங்கள்.

தேநீர் தந்த சகோதரிகளுக்கும், பலகைகளை வரைந்த இளையோருக்கும், கதவு திறந்துவைத்த மண்டபக் காவலருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்