எரநூறுக்கு எந்தப் பண்டிதர் வந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இதே பக்கத்துல ஒரு வாசகர், ஓர் ஆண்டா ஒரு ஆண்டா, இருவரா ரெண்டு பேரான்னு பாக்கறதெல்லாம் பண்டிதருங்க வேலை, வேற எந்த பாஷையில நம்பர் இப்படி உருமாறுதுன்னு கேட்டிருந்தார். மாறுது சார், ஐரோப்பாவுல மால்டான்னு ஒரு குட்டித் தீவு நாடு இருக்கு, அங்க நம்மள விட ஜாஸ்தியாவே மாறுது.

என் அக்கா பொண்ணு அங்க நர்ஸா இருக்கா. மால்டீஸ் பேசறவங்க சுமார் அஞ்சு லட்சம் பேர்தான், அரபு வழி வந்த மொழி, ஆனா எழுதறது இங்கிலீஷ் எழுத்துல, சிலதுக்கு மட்டும் புள்ளியும் கோடும் போட்டு. வீடியோ கால் வந்தாலே புலம்பல்தான். சும்மா எண்ணும்போது மூணுக்கு 'த்லீத்தா', மூணு புத்தகம்னா 'த்லீத் கோத்பா', மூணு நாள்னா 'த்லித் இயீம்', ஒரு மூணுக்கு எத்தனை வேஷம் மாமாங்கறா. ரெண்டு நாளுக்கு ரெண்டுங்கற வார்த்தையே வேணாமாம், நாள்ங்கற வார்த்தையோட வாலுலயே அது ஒட்டிக்கிட்டு 'யுமெய்ன்'னு ஆயிடுது. பத்து வரைக்கும் புத்தகங்கள்னு பன்மையில சொல்லணும், பதினொண்ணு வந்துட்டா மறுபடி ஒருமை, அதுவும் 'ஹ்டாஷ் க்தீப்'னு சொல்லக்கூடாது, நடுவுல ஒரு 'இல்' சேத்து 'ஹ்டாஷ்-இல் க்தீப்'. இவ அந்த 'இல்'லை விட்டுட்டா வார்டுல படுத்திருக்கற பாட்டி ட்ரிப்ஸ் ஏறிட்டிருக்கும்போதே திருத்துதாம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நேத்து கோயம்பேட்டுல பூ வாங்கினேன், அந்தம்மா எரநூறு குடு சார்னாங்க, ரெண்டுநூறுன்னு சொல்லல. கால் கிலோ கூட போட்டதும் முந்நூறு ஆச்சு, மூணுநூறு ஆகல. ஐநூறுல அஞ்சைக் காணோம், எண்ணூறுல எட்டைக் காணோம், அவங்க நன்னூலைக் கண்ணால பாத்திருப்பாங்களா என்ன, வாய் தானா மாத்திக்குது. முக்காலி, நாற்காலியும் அந்த வகைதான், மூணுகாலின்னு யாராவது கடையில கேப்பாங்களா?

ஓர் ஆண்டு மட்டும் பேச்சுல யாருக்கும் வராது, எனக்கும் வராது, அதை ஒத்துக்கறேன். அவர் அதோட நிறுத்தியிருந்தா நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். ஆனா மொத்தத்தையும் பண்டிதர் தலையில கட்டிட்டாரே. அவரோட கடிதத்துக்குப் பக்கத்துலயே 'எண்பது வயது மூதாட்டி'ன்னு ஒரு நியூஸ் போட்டிருந்தீங்க, எட்டுபது வயதுன்னு போடல, அதைப் படிச்சப்ப அவருக்கு ஒண்ணும் உறுத்தலையா?

இப்படிக்கு,
பல வருஷ வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை